பலேர்மோவில் இறக்க முடியாத லோடு

விமானம் தரையைத் தொட்டதும் எல்லோரும் எழுந்து தலைக்கு மேலிருந்த பெட்டிகளை இழுத்தார்கள். நான் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சரக்கு இருந்தது. சட்டைக்குள்ளே, பனியனுக்கு மேலே, ஈரோட்டுத் துண்டில் சுற்றிக் கட்டியிருந்தேன். என் மகள் மேகலாவின் பொறியியல் பட்டம். அது விறைப்பாக இருந்ததால் வழி முழுக்கக் குனிய முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டு வந்தபோதும் நிமிர்ந்தே சாப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஓய்வுபெற்ற ராணுவக்காரன் என்று நினைத்திருப்பார்.

நான் லாரி ஓட்டினவன். சங்ககிரிக்காரன். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றுபோயிற்று. எழுத்துக் கூட்டக் கற்றது மைல்கல்லிலும், முன்னால் போகிற வண்டியின் முதுகிலும்தான். சொல்வதும் மெதுவாகத்தான் வரும். லோடு வண்டி ஓட்டிப் பழகினவனுக்கு வேகம் வராது.

மேகலா கப்பலில் குழாய் வேலை பார்க்கிற இன்ஜினியர். சென்னையில் இருக்கிற கம்பெனி அவளை இத்தாலியில் பலேர்மோ துறைமுகத்துக்கு அனுப்பியிருந்தது. பழுது பார்க்க நிறுத்தியிருக்கும் ஒரு கப்பலின் குழாய்களை மாற்றுகிற வேலை. நம் நாட்டுக்கும் ஐரோப்பாக்காரர்களுக்கும் ஒரு வணிக ஒப்பந்தம் இருக்கிறதாம். துணி, மருந்து, இயந்திரம் என்று சரக்குகளைப் பற்றி எழுதியதற்கு நடுவே, படித்த ஆட்களைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கிறார்களாம். சம்பளம் இந்தக் கம்பெனி, வேலை அந்த ஊர். வேலை நடக்கும் வரை தங்கலாம், முடிந்தால் கிளம்பிவிட வேண்டும்.

போனில் அவள் இதை எனக்கு எப்படிச் சொன்னாள் தெரியுமா? "உங்க டிபி மாதிரியேதானுங்கப்பா" என்றாள். டிபி என்றால் டெம்பரரி பர்மிட். அந்தக் காலத்தில் நான் கேரளாவுக்கோ ஆந்திராவுக்கோ வண்டி எடுத்துப் போனால் எல்லையில் அதைத்தான் காட்டுவேன். இன்ன லோடு, இன்ன ஊர், இன்ன தேதி வரை. இறக்கிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். ஒரு நாள் கூடினாலும் செக்போஸ்டில் நிற்க வைத்துவிடுவார்கள். ஆளுக்கும் அப்படி ஒன்று உண்டு என்று தெரிந்ததும் எனக்கு உலகம் சட்டென்று புரிந்துபோனது. அவள் தேதியை நான் எண்ண ஆரம்பித்ததும் அப்போதுதான்.

கப்பலைத் திறந்து பார்த்தபோது துரு நினைத்ததைவிட உள்ளே போயிருந்ததாம். வேலை நீண்டுவிட்டது. அப்படியானால் மேகலாவின் தங்கும் அனுமதியையும் நீட்ட வேண்டும். அங்கே அதற்குப் பெர்மெசோ என்று பெயர். இந்த வேலைக்குப் படித்தவள்தானா என்று பார்க்க, பட்டத்தின் அசலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பழைய பெர்மெசோ முடிவதற்குள் காட்டாவிட்டால் அவள் ஊர் திரும்ப வேண்டியதுதான். கம்பெனி வேறு ஆளை அனுப்பிவிடும். பாதி கோத்த குழாயை வேறொருவன் முடித்துப் பெயர் வாங்கிக்கொள்வான். முதல் முறையாக அவளைத் தலைமையாகப் போட்டு அனுப்பிய வேலை அது.

கூரியரில் அனுப்பச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். ஆயுசு முழுக்கப் பார்சல் ஏற்றி இறக்கினவன் நான். பார்சலை எப்படித் தூக்கி எறிவார்கள் என்று எனக்குத் தெரியாதா? நானே வருகிறேன், மழைக்காலம் முழுக்க உன்னோடு இருந்துவிட்டு வருகிறேன் என்றேன். என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி. பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் கட்டிக் கொடுத்து, பேப்பர் பத்திரம், பேப்பர் பத்திரம் என்று பஸ் ஏறும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பத்திரம் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். கிளம்புகிற அன்று பேருந்து நிலையத்துக் கடையில் பட்டத்தைக் கொடுத்து லேமினேஷன் போட்டுக்கொண்டேன். கடைக்காரப் பையன் காகிதத்தைப் பிளாஸ்டிக்குக்குள் வைத்துச் சூடான உருளைக்குள் விட்டான். அந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி வந்தது. இனிமேல் மழை என்ன, கடலே வந்தாலும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

முதல் நாள் மேகலா விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். இளைத்திருந்தாள். கையில் ஒரு தீக்காயத் தழும்பு புதிதாக இருந்தது. "சட்டைக்குள்ள என்னங்கப்பா?" என்றாள். சொன்னேன். "சாமி! இத்தன தூரம் அப்படியேவா வந்தீங்க?" என்று சிரித்தாள். எடுத்துக் கொடுக்கட்டுமா என்றதற்கு, "வேண்டாங்கப்பா, நாங் கைல வெச்சா எங்காச்சும் போட்ருவேன். நீங்களே வெச்சிருங்க. வியாழக்கெழம ஆபீசு போறப்ப எடுத்துக்கலாம்" என்றாள். எனக்கு அந்த நம்பிக்கை பெருமையாக இருந்தது.

அவள் குடியிருந்தது அல்பெர்கேரியா என்கிற பழைய பேட்டையில், பல்லரோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடி. சந்து அவ்வளவு குறுகல். எதிர் வீட்டில் துவைத்துப் போட்ட போர்வையின் தண்ணீர் எங்கள் ஜன்னலில் சொட்டும். கீழே காய்கறிக்காரர்கள் கூவுவது கூவல் இல்லை, ஒப்பாரிக்கும் ஏலத்துக்கும் நடுவே ஒரு ராகம். ஒரு மீன் கடையில் வாள் முளைத்த மீனின் தலையை மட்டும் வானம் பார்க்க நிறுத்தியிருந்தார்கள். கோயில் வாசலில் சூலம் நட்டது போல இருந்தது.

மறுநாள் செவ்வாய். மேகலா விடிந்ததும் துறைமுகம் போய்விட்டாள். எதிர் வீட்டு ரெஜினாம்மாவிடம் என்னை ஒப்படைத்திருந்தாள். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். இருபது வருடத்துக்கு மேலாகப் பலேர்மோவில் இருக்கிறார். காலையில் வயதான ஒரு சீமாட்டியைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைப்பது அவர் வேலை. சிஞ்ஞோரா என்றுதான் அந்த அம்மாளைச் சொல்வார்.

"வாங்கோ ஐயா, சந்தை பாப்பம்" என்று கூட்டிப்போனார். "இஞ்சை விலையைக் கேட்டுப்போட்டு முகத்தைச் சுழிக்கோணும். ஒண்டும் கதைக்கப்படாது. அவையே குறைப்பினம்."

"எங்கூர் மாட்டுச் சந்தைல துண்டுக்குள்ள கைய விட்டு வெரலப் புடிச்சுப் பேசுவோமுங்க. பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது" என்றேன்.

"இவையளுக்குக் கையைத் துண்டுக்குள்ளை விட்டால் கதையே வராது ஐயா" என்றார். நான் சுற்றிப் பார்த்தேன். தக்காளிக்காரன் இரண்டு கையையும் வீசி ஒரு பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தான். பாட்டியும் ஐந்து விரலையும் குவித்து அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்தப் பயணத்தில் கவலையில்லாமல் சிரித்தது அதுதான் கடைசி.

ஒரு வண்டிக் கடையில் நின்று பனெல்லே சாப்பிட்டோம். கடலை மாவைக் களி போலக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிசாக வெட்டி, எண்ணெயில் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். வெங்காயமும் வாழைக்காயும் இல்லாத பஜ்ஜி. பக்கத்துக் கடையில் மாட்டின் மண்ணீரலைக் கொழுப்பில் வதக்கி ரொட்டியில் அடைத்தார்கள். எங்கள் பக்கம் ஆட்டில் அதைச் சுவரொட்டி என்போம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. இங்கே மீசைக்காரர்கள் நின்றுகொண்டு தின்கிறார்கள்.

ரெஜினாம்மா தன்னுடைய பெர்மெசோ கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். எந்த வரிசையில் நின்றார், எந்தத் தாளுக்காகத் திரும்ப அனுப்பினார்கள் என்று. அப்படியே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "ஒரிஜினல் எண்டால் வெறுந்தாளாய் இருக்கோணும் ஐயா. எங்கட சின்னம்மாவின்ர மகன், சேட்டிபிக்கற்றை லாமினேற் பண்ணிக்கொண்டு போய் நிண்டவன். ஏலாது எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம். பாவம், அவனுக்கு ஆரும் சொல்லேல்லை."

எனக்குப் புரையேறி இருமல் வந்துவிட்டது. தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். காரமா ஐயா என்று கேட்டார். காரமே இல்லாத பண்டம் அது. ஆமாங்க என்று தலையாட்டினேன்.

மாடிக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுத் துண்டைப் பிரித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பட்டம் மின்னியது. மேகலாவின் பெயர் மேல் என் முகம் தெரிந்தது. ஓரத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மூலையில் பிளாஸ்டிக் ஒரு நூல் அளவு கிளம்பியது. அதோடு காகிதத்தின் தோலும் கிளம்பியது. கையை எடுத்துக்கொண்டேன்.

நான் ஏன் லேமினேஷன் போட்டேன் என்பதற்கு ஒரு மழை இருக்கிறது. வயசுக் காலத்தில் தக்காளி ஏற்றிக்கொண்டு மேற்கே மலைப் பாதையில் போனேன். மழை என்றால் அப்படி ஒரு மழை. தார்ப்பாயை இழுத்துக் கட்ட இறங்கினவன் சட்டைப் பையில் பர்மிட்டை வைத்திருந்தேன். எல்லையில் எடுத்துக் கொடுத்தால் எழுத்து ஒன்றுகூட இல்லை, நீலக் குழம்பு. வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். ஊரிலிருந்து வேறு தாள் வரும்வரை நின்றேன். தக்காளி என் கண்ணெதிரே அழுகித் தார்ப்பாய்க்கு அடியில் ஒழுகியது. அன்றிலிருந்து ஆர்சி புக், எஃப்சி, இன்சூரன்ஸ் எது கைக்கு வந்தாலும் முதலில் பிளாஸ்டிக் போட்டுவிடுவேன். சங்ககிரியில் எந்த டிரைவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். வண்டியைவிடப் பேப்பர்தான் முதலில் நனையும்.

அன்று சாயங்காலம் மேகலா வந்து சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா என்று கேட்டாள். கப்பலில் ஒரு வால்வு ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் பட்டத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பருப்புப் பொடியில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை காலை, சிஞ்ஞோரா வீட்டு வேலை முடிந்து ரெஜினாம்மா திரும்பும் வரை வாசலிலேயே நின்றேன். அவரிடம் சொல்லிவிட்டேன். நெஞ்சில் கையை வைத்து "மாதாவே" என்றார். பிறகு அவரே, "பயப்பிடாதேங்கோ. ஒரேத்தோ றோட்டிலை ஒரு நகல் கடை இருக்கு. பழைய படம், பத்திரம் எல்லாம் திருத்துறவர். கேட்டுப் பாப்பம்" என்றார்.

பேருந்தில் போனோம். பாதி தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. ஒரு சின்னக் காரை எவனோ நட்ட நடுத்தெருவில் நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போயிருந்தான். டிரைவர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு கிழவி ஜன்னலில் தலையை விட்டுக் கத்தினாள். ரெஜினாம்மா எனக்குச் சொன்னார்: "உன்ர கொம்மா உன்னையும் இப்பிடித்தான் நடுறோட்டிலை விட்டிட்டுப் போனவளோ எண்டு கேக்கிறா."

கார்க்காரன் வரவில்லை. பின்னால் பேருந்தை எடுத்தால் பக்கத்துச் சந்தில் திருப்பிவிடலாம் என்று எனக்குத் தெரிந்தது. டிரைவருக்கும் தெரிந்திருக்கும், பின்னால் பார்க்க ஆள் இல்லை. என்னால் சும்மா உட்கார முடியவில்லை. இறங்கிப் பின்னால் போய் நின்று பேருந்தின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினேன். "வரட்டும், வரட்டும்... லெஃப்ட்ல ஒடிங்க... வரட்டும்... ஹோல்டான்!" என்று மூன்றாவது தட்டு ஓங்கி வைத்தேன். பேருந்து அந்த இடத்திலேயே நின்றது. இத்தாலிக்காரனுக்கு என் தமிழ் புரிந்திருக்காது, தட்டு புரிந்துவிட்டது. ஏறியபோது டிரைவர் என் தோளில் கையை வைத்து ஏதோ சொன்னார். கிழவி கை தட்டினாள். நான் சட்டைக்குள் கையை விட்டுப் பட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

நகல் கடைக்காரர் என் வயசுக்காரர். பட்டத்தை வாங்கி விளக்குக்கு அடியில் பிடித்தார். மூலையில் நான் சுரண்டிய இடத்தைப் பார்த்து என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நீளமாகப் பேசினார். ரெஜினாம்மா சுருக்கமாகச் சொன்னார்: "சூட்டிலை ஒட்டினதாம். உரிச்சால் எழுத்தும் பிளாஸ்ரிக்கோடை வந்திடுமாம். தன்ர மகளின்ர எண்டால் தான் தொடமாட்டாராம்."

பட்டத்தை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பினேன். வீட்டு வாசலில் ரெஜினாம்மா நின்றார். "இண்டைக்கே பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ ஐயா. நாளைக்கு அங்கை கவுண்டரிலை வைச்சு அவவுக்குத் தெரியப்படாது. நானும் நாளைக்கு லீவு கேட்டிட்டு வாறன், மொழி சொல்ல."

மேகலா வந்து செருப்பைக் கழற்றியதும் துண்டோடு அவள் முன்னால் வைத்தேன். பிரித்தாள். ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"எப்பப் போட்டீங்க?"

"கெளம்பற அன்னிக்குக் கண்ணு. பஸ் ஸ்டேண்டுல."

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமில்லீங்களாப்பா?"

அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் தேவலாம் போல இருந்தது. மேசை மேல் வைத்த டீ ஆடை கட்டிப்போனது. சென்னைக்குப் போன் போட்டு இங்கிலீஷில் வெகுநேரம் பேசினாள். அதில் எனக்குப் புரிந்தது ஃபாதர் என்கிற ஒரு வார்த்தைதான். வைத்துவிட்டு வந்து, "பல்கலைக்கழகத்துல இதக் குடுத்தாப் புதுசா ஒண்ணு தருவாங்களாம். ஆனா ஒடனே இல்லீங். ஆபீசுல என்ன சொல்றாங்களோ, பார்க்கலாம்" என்றாள். பிறகு பட்டத்தைத் தூக்கிப் பார்த்து, "பளபளன்னுதான் இருக்குது" என்றாள். சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை குவெஸ்தூராவுக்குப் போனோம். வெளிநாட்டுக்காரர்களின் தாள்களைப் பார்க்கும் போலீஸ் அலுவலகம். வாசலில் எத்தனையோ நாட்டுச் சனங்கள். எல்லோர் கையிலும் ஒரு ஃபைல், எல்லோர் கண்ணும் கதவு மேல். ஓசூர் செக்போஸ்டில் விடியக் காத்திருக்கிற டிரைவர்கள் முகம் அது. பாஷைதான் வேறு. நான் அந்த முகத்தை முப்பது வருடம் போட்டிருக்கிறேன். என் மகள் முகத்தில் அதைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. ஃபைலின் ரப்பரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்த ஒரு அம்மாள் கவுண்டரில் இருந்தார். ஒப்பந்தம், கம்பெனிக் கடிதம், துறைமுகத்துக் கடிதம் எல்லாவற்றையும் புரட்டினார். சரி, சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். கடைசியில் பட்டத்தை எடுத்தார். விரலால் தடவினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி தடவினார். பின்புறம் திருப்பி, பார்த்தாயிற்று என்று போடுகிற முத்திரையை எடுத்து அழுத்தினார். நீல வட்டம் அழகாக விழுந்தது. ஒரு நொடி எனக்கு மூச்சு வந்தது.

அந்த அம்மாள் எங்களைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலால் முத்திரையைத் துடைத்தார். வட்டம் அழிந்துபோயிற்று. விரல்தான் நீலமாக இருந்தது.

ரெஜினாம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இது ஒரிஜினல்தான் எண்டு அவவுக்கு விளங்குதாம். ஆனால் முத்திரை நிக்கோணுமாம். நிக்காத முத்திரையிலை தான் கையெழுத்து வைக்கேலாதாம்."

அந்த அம்மாள் இன்னொரு கேள்வி கேட்டார். மேகலா தலையைக் குனிந்துகொண்டாள். ரெஜினாம்மாவும் மொழிபெயர்க்கவில்லை. எனக்கே புரிந்துவிட்டது. செக்போஸ்டில் இந்தக் கேள்வி வந்தால் டிரைவர்தான் இறங்கிப் போக வேண்டும். கையைத் தூக்கினேன்.

"நான்தானுங்க பண்ணுனது. புள்ளைக்குத் தெரியாதுங்க."

ஏன் என்று கேட்டார். மழையைச் சொன்னேன். தக்காளியைச் சொன்னேன். நீலக் குழம்பாகிப்போன பர்மிட்டைச் சொன்னேன். ரெஜினாம்மா அதையெல்லாம் இத்தாலிய மொழியில் கையை வீசிச் சொன்னார், எங்கள் பின்னால் நின்றவர்கள்கூடக் கேட்டார்கள். அந்த அம்மாள் கடைசி வரை கேட்டுவிட்டு மேலே விரலைக் காட்டி ஒரே வாக்கியம் சொன்னார்.

"இஞ்சை கூரை இருக்காம் ஐயா" என்றார் ரெஜினாம்மா.

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேகலாவும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல் ஒரு சின்னச் சீட்டை அச்சடித்துக் கொடுத்தார். விண்ணப்பம் வாங்கியாயிற்று என்பதற்கான ரசீது. அடுத்துக் கூப்பிடும் நாளில் பிளாஸ்டிக் இல்லாத பட்டத்தோடு வர வேண்டும். அதுவரை வேலை பார்க்கலாம், தங்கலாம். அன்றைக்கும் பட்டம் இல்லையென்றால் பிறகு பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

வெளியே வந்தபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சீட்டு சிகரெட் தாள் மாதிரி மெல்லிசு. என் கை தானாகத் துண்டை எடுத்தது.

"அப்பா" என்றாள் மேகலா. "இத நானே வெச்சுக்கறேங்க." ஃபைலுக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பேருந்து நிறுத்தத்தில் நான் சொன்னேன், "நான் நாளைக்கே கெளம்பறேன் அம்மணி. பழசக் கொண்டுபோய்க் குடுத்தாத்தானே புதுசு."

"வந்து ஒரு வாரங்கூட ஆகலைங்களேப்பா. மழை முடியற வரைக்கும் இருக்கறேன்னீங்க."

"கொண்டுவந்த லோடு எறங்கலைன்னா வண்டிய அங்கியே போட்டுட்டு ஊரா சுத்துவாங்க?"

ரெஜினாம்மா மழைக்குத் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, "அடுத்தமுறை வரேக்கை ஒரு கிழமையாவது நில்லுங்கோ. உங்களுக்குப் பேருந்திலை வேலை எடுத்துத் தாறன்" என்றார்.

கிளம்பும் முன் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனாள். நேப்பிள்ஸ் போகும் கப்பலில் லாரிகள் பின்வாங்கி ஏறிக்கொண்டிருந்தன. டிரைவர் ஒருத்தனுக்கும் பின்னால் தட்ட ஆள் இல்லை, கண்ணாடி பார்த்தே ஏற்றினார்கள். நான் நின்று பார்த்தேன். மேகலா என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாள். தூரத்தில் தண்ணீர் வடித்த தொட்டியில் ஒரு கப்பல் வயிறு தெரிய நின்றிருந்தது. எங்கள் ஊர் மலையை எடுத்து வந்து வைத்தது போல.

"அதாங்கப்பா என்னோட கப்பல்" என்றாள். கப்பல் யாருடையதோ. அவள் அப்படித்தான் சொன்னாள். எந்த ஓட்டை வழியாக உள்ளே போகிறாள், எந்தக் குழாய் எங்கே வளைகிறது என்று காற்றில் விரலால் போட்டுக் காட்டினாள். "வேல முடிஞ்சுதுன்னா அதும் போயிரும், நானும் வந்துருவேன். ஆனா முடிச்சுப்போட்டு வரோணும். பாதில இல்லீங்."

விமானத்தில் மறுபடியும் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தேன். ஆயுசில் எத்தனையோ முறை காலி வண்டியோடு திரும்பி வருத்தப்பட்டிருக்கிறேன். ஏற்றிப்போன அதே லோடோடு திரும்பியது இதுதான் முதல் தடவை.

சென்னையில் பல்கலைக்கழக ஜன்னலில் இருந்தவர் பட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யார் பெரியவரே இதப் பண்ணச் சொன்னது?" என்றார். எனக்குப் பதில் பழகிப்போயிருந்தது. நடந்தேன், காத்திருந்தேன், வேறு ஜன்னலுக்கு அனுப்பினார்கள், மறுபடி காத்திருந்தேன். நடுவில் மேகலா தினமும் போன் செய்தாள். முதலில் வால்வு, குழாய் என்று பேசுவாள், கடைசியில் மெதுவாக, "ஏதாச்சும் சொன்னாங்களா?" என்பாள். அவளைக் கூப்பிடும் நாள் நெருங்க நெருங்க என் வீட்டுக்காரி என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

புதுப் பட்டம் கையில் வந்த அன்று ஊரில் நல்ல மழை. அதை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக்கொண்டு சங்ககிரி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். லேமினேஷன் கடைப் பையன் பார்த்துவிட்டான். "தாத்தா, போட்டுத் தரட்டுங்களா? அஞ்சு நிமிசந்தான்" என்றான். நான் நடையை எட்டிப் போட்டேன்.

இந்த முறை மேகலா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், கூரியர்தான் என்று. கூரியர் கடையில் கொடுத்துவிட்டு, அந்தப் பை வண்டிக்குள் போய்க் கதவு சாத்தும் வரை நின்றேன். ஏற்றிய பையன் எங்கள் கவரைத் தூக்கி எறிந்தான். ஐயோ என்று கத்திவிட்டேன். அவன் திரும்பிப் பார்த்து, "ஒண்ணும் ஆவாதுங்கய்யா" என்றான்.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் போனில் மணி அடித்தது. மேகலா ஒரு படம் அனுப்பியிருந்தாள். வேறு எழுத்து ஒன்றும் இல்லை. பட்டத்தின் பின்புறம், வெறும் வெள்ளைக் காகிதம், நடுவில் நீல வட்டம். அதன் மேல் ஒரு கையெழுத்து. வட்டத்தின் ஓரத்தில் மை கொஞ்சம் பரவியிருந்தது, காகிதம் குடித்திருந்தது.

என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். நான் திரையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். படம் நகர்ந்தது. முத்திரை அழியவில்லை.